ஓசன்னா சாகட்டும்

தூத்துக்குடி
7 ஜூலை 2025

ஜெரிக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. கவனித்துக்கொள்.

என் போனில் உன் எண்ணை பிளாக் செய்து வைத்திருக்கிறேன் என்பது இந்நேரம் தெரிந்திருக்கும். போனில் நீ குறுக்கே பேசிப் பேசியே ஜெயித்துவிடுவாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. பதில் சொல்வதென்றால் நீயும் தபாலில் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். ஓசன்னா செத்துவிட்டாள். நான் ஓய்வுக்காக அத்தை வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பீம்ராவ் வீட்டு மொட்டை மாடியில், புகைபோக்கி உச்சியிலிருந்து சுடுசாம்பல் கொட்டியபோதே செத்துவிட்டாள். நீ மறைத்துவிட்டாய்.

நேற்று தப்ரேஸ் போன் செய்தான். நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "மூணே மூணு மூச்சை வெச்சுக்கிட்டு என் ஓசன்னா அந்தக் கரிக்கோமான ஒழிச்சுக் கட்டப் போறா பாரு." அவன் சொன்னான்:

"ஜெனி, கோச்சிக்காத. அன்னிக்கு ஜெரி மறைப்பு அட்டைக்குப் பின்னால உருட்டினது மூணு இல்ல. பதினெட்டு. நான் பக்கத்துலதான் குந்திகினு இருந்தேன். பார்த்துட்டு வாய மூடிகினேன்."

நான் போட்ட சத்தத்தில் செல்லக்கனி அத்தை அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "யாருட்டி செத்தது?" என்றாள். ஓசன்னா என்றேன். "எந்த ஊருக்காரி?" என்றாள். உட்கார்ந்து விளக்கவேண்டியதாயிற்று. இது ஒரு விளையாட்டு அத்தை, ஜெரி கதை சொல்லுவான், நானும் தப்ரேஸும் பீம்ராவும் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லுவோம், நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். கடல் ஏறி வந்து எண்ணூரை மூழ்கடித்ததற்குப் பிந்திய காலம். தண்ணீருக்கு மேலே பெரிய புகைபோக்கிகள் மட்டும் நிற்கின்றன. அவற்றைக் கரிக்கோமான் என்று ஒருவன் பிடித்து வைத்துக்கொண்டு, சனங்களை உலையில் வேலை வாங்குகிறான். என் ஆள் ஓசன்னா, படகுக்காரி. ஆளுக்குப் பத்து மூச்சு என்று கணக்கு உண்டு. அடிபட்டால், பகடையில் எத்தனை விழுகிறதோ அத்தனை மூச்சு குறையும். தீர்ந்தால் ஆள் காலி.

"அன்னைக்கு ஓசன்னாவுக்கு ஆறு மூச்சுதான் இருந்துச்சு அத்தை. பதினெட்டு விழுந்தா செத்துரணும். அவன் மூணுன்னு பொய் சொல்லிட்டான்."

"உன்னியக் காப்பாத்தத்தான சொன்னான்?" என்றாள் அத்தை.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தப்ரேஸின் ராக்கெட் ரஹீம் இரண்டாவது வாரமே படகு கவிழ்ந்து செத்தானே, அன்றைக்கு அவன் எவ்வளவு கெஞ்சினான்? "பகடை சொன்னா சொன்னதுதான் மாமு" என்று கையை விரித்தாய். எனக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

வருகிற ஞாயிறு எல்லார் முன்னாலும் ஓசன்னா செத்துவிட்டாள் என்று நீயே சொல்ல வேண்டும்.

ஜெனி


ராயப்புரம்
12 ஜூலை 2025

ஜெனி,

ஆமாம், பதினெட்டு. மாற்றிச் சொன்னேன். மறுபடி அந்த நிலை வந்தால் மறுபடியும் மாற்றுவேன். மன்னிப்பை எதிர்பார்த்திருந்தால் இந்தக் காகிதத்தை இத்தோடு மடித்து வைத்துவிடு.

ஏன் வேறு சட்டம் என்று கேட்டாய். சொல்கிறேன். ஏப்ரலில் உன்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வராந்தாவில் உங்கள் அப்பா ஒரு தூணோரம், நான் ஒரு தூணோரம். கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் எழுந்து நிற்போம். வேறு யாருக்காவது இருக்கும், உட்கார்ந்துவிடுவோம். அங்கே என் கையில் எதுவும் இல்லை. ஜெபமாலைகூட வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன்.

அப்புறம் ஜூனில் நீ மாடிக்கு வந்தாய். இருமினால் தைத்த இடம் வலிக்கும் என்று தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். சாம்பல் கொட்டுகிறது என்று நான் சொன்னதும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அமைதியில் உன் நெஞ்சுக்குள் வைத்திருக்கும் புது வால்வு டிக் டிக் என்று கேட்டது. பீம்ராவுக்கும் கேட்டது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் பகடையைப் பார்த்தேன். பதினெட்டு. என் கையில் இருந்த ஒரே விஷயம் அது. மூன்று என்றேன்.

இது குற்றமா? கதை சொல்லுகிறவன் பகடைக்கு அடிமையா? நான்கு வருடமாக நாம் வளர்த்தவள் ஓசன்னா. கொசஸ்தலை ஆற்று முகத்தில் அவள் கரிக்கோமானின் படகைப் பறித்த நாளை நினைத்துப் பார். ஒரு பிளாஸ்டிக் துண்டு உருண்டதற்காக அவளை நான் கொல்லமாட்டேன்.

எனக்கு மட்டும் சலுகையா என்பதுதான் உன் கோபம் என்றால், அதைச் சரிசெய்துவிட்டேன். வருகிற ஞாயிறு முதல் எல்லாருக்கும் முப்பது மூச்சு. புது சட்டம், எல்லாருக்கும் ஒன்றே. ஒருத்தரும் சட்டென்று சாகமாட்டார்கள். நானும் யாருக்கும் பொய் சொல்லத் தேவையில்லை.

தப்ரேஸைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஏன்டா சொன்னாய் என்று. "வவுத்துல வெச்சிக்க முடியல மாமு" என்றான். அவனோடும் நான் இப்போது பேசுவதில்லை.

மாத்திரையை ஒழுங்காகப் போடு.

ஜெரி


தூத்துக்குடி
17 ஜூலை 2025

ஜெரி,

மாத்திரையை ஒழுங்காகப் போடு என்று எழுதிய அந்த ஒரு வரிக்காகவே உன் கடிதத்தைக் கிழிக்க இருந்தேன்.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். எழுந்தால் அத்தை, "மெதுவா எந்திரி." மாடிப்படியில் கால் வைத்தால், "ஏட்டி, அங்க என்ன சோலி?" காய் நறுக்கக் கத்தியை எடுத்தால் பிடுங்கிக்கொள்கிறாள். ரத்தம் உறையாமல் இருக்க நான் போடும் மாத்திரையால், வெட்டுப்பட்டால் ரத்தம் சீக்கிரம் நிற்காது என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். மாத்திரை கூடினால் அந்த ஆபத்து, குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிவிடும் ஆபத்து. இது எனக்குத் தெரியும். பரிசோதனைக்கு நானே போகிறேன், அளவை நானே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். டாக்டர் என்னைப் பார்த்து, வேலைக்குப் போகலாம் என்றே சொல்லிவிட்டார்.

அப்பா போனில் என்ன சொல்கிறார் தெரியுமா? "ஏம்மா, உனக்கு என்ன குறைச்சல்? ஹார்பர் கிளியரிங் ஆபீஸ் வேலையெல்லாம் இனிமே வேண்டாம். கடையில வந்து கல்லாவுல உக்காரு. தனியா ஒரு ஃபேன் போட்டுத் தாரேன்." எனக்குத் தனியாக ஒரு ஃபேனாம். மளிகை மூட்டைகளுக்கு நடுவே, ஃபேனுக்கு அடியில், அறுபது வயது வரை.

இத்தனை பேருக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை மாடியில்தான் நான் நோயாளியாக இல்லாமல் இருந்தேன். அங்கே நான் தோற்றால் உண்மையாகத் தோற்றேன், ஜெயித்தால் உண்மையாக ஜெயித்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அங்கேயும் எனக்கு ஒரு ஃபேன் போட்டுக் கொடுத்துவிட்டாய்.

முப்பது மூச்சா? போடு. அது சட்டமில்லை, எல்லாருக்கும் தலையணை கொடுப்பது. நான் இங்கே நேர் எதிராக ஆடப்போகிறேன். அத்தை, அத்தை மகன் ஜோபின், அவனோடு உப்பு லாரி ஓட்டும் ஒருவன். ஆளுக்கு ஐந்தே மூச்சு. அட்டை கிடையாது, பகடை எல்லார் கண் முன்னாலும் விழும். விழுந்தால் விழுந்ததுதான். எந்த ஆட்டத்தில் உயிர் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

தப்ரேஸிடம் பேசு. அவன் உன்னைவிட நல்ல நண்பன்.

ஜெனி


ராயப்புரம்
22 ஜூலை 2025

ஜெனி,

முப்பது மூச்சு ஆட்டம் நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கூட்டிக் குறைக்கவில்லை.

முதல் பத்து நிமிடம் குஷியாக இருந்தது. உலைக்குள் நுழைய மூன்று வழி வைத்திருந்தேன். காவல்காரர்களுக்குத் தெரியாமல் நீந்திப் போகலாம், லஞ்சம் கொடுக்கலாம், பழைய குழாய்க்குள் ஊர்ந்து போகலாம். ஒரு வாரம் யோசித்துச் செய்தது. பீம்ராவ் என்ன சொன்னான் தெரியுமா?

"நேரா வாசல் வழியா போறேன் மாமு."

"வாசல்ல எட்டு பேர் நிக்கிறான்டா. கொதிக்கிற எண்ணெய் ஊத்துவான்."

"ஊத்தட்டும். முப்பது கீதுல்ல?"

எண்ணெய் ஊற்றினேன். ஏழு மூச்சு போனது. அவன் நிலக்கடலையை மென்றுகொண்டே, "அப்பால?" என்றான். தப்ரேஸ் உலைக்குள் குதித்துவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தான். நெருப்பில் நிற்கிறாய் என்று நினைவுபடுத்தினேன். "நிக்கிறேன் நிக்கிறேன், எவ்ளோ கழிக்கணுமோ கழிச்சிக்கோ" என்றான். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் நாளெல்லாம் வேகன்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறவன் பீம்ராவ். அவனே சொல்லிவிட்டான்: "நெருப்புல குந்திகினு டீ குடிக்கலாம் போலகீது. இது பேஜாரு மாமு. வேற எதுனா ஆடலாம்." கேரம் பலகையை எடுத்துவந்தார்கள்.

உலை எரிந்துகொண்டே இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் சாகாமல் நிற்கிறார்கள். யாருக்கும் அவர்களைப் பற்றிக் கவலையில்லை. நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

ஆட்டத்துக்கு வெளியேயும் தப்ரேஸோடு பேசிவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை, கேரம் ஆட ஆள் குறைகிறது என்று அவனே வந்து கையைப் பிடித்து இழுத்தான்.

இதனால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடாது. உன் ஐந்து மூச்சு ஆட்டம் என்ன ஆயிற்று? அதையும் கூட்டிக் குறைக்காமல் எழுது.

பனிமய மாதா கோயில் கொடியேற்றம் வருகிறதே, போவாயா? போனால் எனக்காக ஒரு மெழுகுவத்தி. உனக்காக இல்லை, எனக்காக.

ஜெரி


தூத்துக்குடி
28 ஜூலை 2025

ஜெரி,

கொடியேற்றத்துக்குப் போனேன். நாங்கள் சி.எஸ்.ஐ. என்றாலும் தேர், கொடி என்றால் அத்தை எந்தச் சபை என்று பேதம் பார்ப்பதில்லை. மெழுகுவத்தி வைத்துவிட்டேன்.

ஆட்டத்தைக் கேட்டாய். உண்மையைச் சொல்கிறேன், உனக்குச் சிரிக்க உரிமை உண்டு.

முதல் ஆட்டத்தில் ஜோபினின் ஆள் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கிச் செத்தான். அவன் நண்பனின் ஆள் நாய் கடித்துச் செத்தான். அத்தை அழகாக ஒரு கிழவியை உருவாக்கினாள், பெயர் ஞானசுந்தரி, இடுப்பில் சாவிக்கொத்து, தங்கையைத் தேடி வந்தவள். முதல் கதவைத் திறந்தாள், கதவுக்குப் பின்னாலிருந்து ஈட்டி வந்தது. செத்தாள். அத்தைக்கு முகம் விழுந்துவிட்டது.

மறுபடி உட்கார்ந்தோம். மறுபடி எல்லாரும் செத்தார்கள். மூன்றாவது முறை ஜோபின் தன் ஆளுக்கு மூன்று என்றே பெயர் வைத்தான். அத்தையிடம் பெயர் கேட்டேன். "பேரு எதுக்குட்டி? எப்பிடியும் இந்தா செத்துருவா. அவளுக்கு ஒரு பேரு, ஒரு தங்கச்சி எல்லாம் எதுக்கு?" என்றாள். யாரும் எதையும் செய்யத் துணியவில்லை. கதவைக் கண்டால் திறக்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். என் ஆட்டத்திலும் உயிர் இல்லை. உன்னுடையதில் சாகமாட்டோம் என்பதால் கவலையில்லை, என்னுடையதில் செத்துவிடுவோம் என்பதால் கவலையில்லை.

இரண்டு நாள் இதையே யோசித்தேன். எத்தனை மூச்சு என்பதில் நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். பத்தா, ஐந்தா, முப்பதா என்று. எனக்கு வேறொன்று நினைவு வந்தது.

அறுவை சிகிச்சைக்கு முந்திய நாள் பெரிய டாக்டர் வந்தார். கட்டிலில் நான் இருக்கிறேன், அவர் அப்பாவைப் பார்த்துப் பேசுகிறார். செய்தால் இத்தனை ஆபத்து, செய்யாமல் தள்ளிப்போட்டால் இத்தனை நாள் ஓட்டலாம், என்ன சொல்கிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்கிறார். அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்கிறார். நான் சொன்னேன்: "டாக்டர், என்னப் பாத்துக் கேளுங்க. நெஞ்சு என்னுது." அவர் திரும்பினார். மறுபடியும் முதலிலிருந்து என்னிடம் சொன்னார். நான் செய்யுங்கள் என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் வந்தது, ஜெரி. பல மாதத்துக்குப் பிறகு நல்ல தூக்கம்.

அதனால் என் சட்டம் இது. மூச்சு பழையபடி பத்தே இருக்கட்டும். மூச்சு தீர்ந்தால் ஆள் சாகவேண்டாம், விழட்டும். விழுந்தவரிடம் கதை சொல்லுகிறவன் கேட்க வேண்டும்: கிடக்கிறாயா, எழுகிறாயா? கிடந்தால் உயிர் நிச்சயம். ஆனால் எதற்காக வந்தாரோ அது கைவிட்டுப் போகும். எழுந்தால், நினைத்த ஒரு காரியத்தை முடிக்கலாம், அதை யாரும் தடுக்க முடியாது. முடித்ததும் அவரே தன் கையால், எல்லார் கண் முன்னாலும், இருபது முகப் பகடையை ஒரே ஒரு முறை உருட்ட வேண்டும். பத்தும் அதற்குக் கீழும் விழுந்தால் சாவு.

முக்கியம், கேட்க வேண்டும். நீயாகத் தீர்மானிக்கக் கூடாது. ஆடிப் பார்.

ஜெனி


ராயப்புரம்
4 ஆகஸ்ட் 2025

ஜெனி,

உன் சட்டத்தை ஆடினோம். நம் பழைய கதையைத் தொடவில்லை. புது ஆட்கள், புது இடம்: வள்ளூர் பக்கம் சாம்பல் ஏரி, அதற்கு அக்கரையில் கரிக்கோமான் அடைத்துவைத்த கைதிகள்.

பீம்ராவ் விழுந்தான். நான் கேட்டேன், "கிடக்கிறாயா, எழுகிறாயா?" இத்தனை வருடத்தில் பீம்ராவ் யோசித்து நான் பார்த்ததில்லை. கடலையை அப்படியே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிடந்தால் படகு போய்விடும், அதில் இருக்கும் அவன் ஆளின் அண்ணனும் போய்விடுவான். "என்னா கேள்விடா கேக்குற" என்று என்னைத் திட்டினான். கடைசியில் கிடக்கிறேன் என்றான். படகு போனது. அவன் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே. "அண்ணன அப்பால வந்து மீட்டுகினு போவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அப்புறம் தப்ரேஸ் விழுந்தான். கேட்டு முடிப்பதற்குள் "எழுந்துட்டேன்!" என்று கத்திவிட்டான். கைதிகளின் கதவை உடைத்தான். பகடையை இரண்டு கையிலும் வைத்துக் குலுக்கி பிஸ்மில்லா சொல்லி உருட்டினான். பதினொன்று! ஒரு எண்ணில் பிழைத்தான். இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்து, யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சட்டம் நல்ல சட்டம். ஒப்புக்கொள்கிறேன். இனி நம் மாடியில் இதுதான்.

ஆனால் ஓசன்னாவுக்கு வேண்டாம். அவள் பிழைத்தது பிழைத்ததாகவே இருக்கட்டும். இதை மட்டும் விட்டுக்கொடு.

இன்னொன்று. உங்கள் அப்பா என்னைக் கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். எண்ணூர் துறைமுகம் போகும் சாலையில் இருக்கும் அந்தக் கன்டெய்னர் யார்டில் நீ வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாயாம். "தம்பி, நீ சொன்னா கேப்பா. வேண்டாம்னு சொல்லு" என்றார். நானும் அதே சாலையில்தான் தினமும் போகிறேன். லாரிகள் நகராமல் நிற்கும், கரித்தூசி கண்ணை மறைக்கும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரவேண்டும். ஒரு தகரம் கையைக் கிழித்தால் என்ன செய்வாய்? அவர் கேட்டதற்காக மட்டும் இல்லை, எனக்கும் அதுதான் தோன்றுகிறது. அதனால் சொல்கிறேன்: வேண்டாம் ஜெனி.

ஜெரி


தூத்துக்குடி
9 ஆகஸ்ட் 2025

ஜெரி,

வேலை கிடைத்துவிட்டது. போனிலேயே பேசி முடித்தார்கள். சரக்கு ஆவணப் பிரிவு, பகல் நேர வேலை. என் இதயத்தில் செயற்கை வால்வு இருக்கிறது என்பதை நானே சொன்னேன். போனில் பேசிய அம்மாள், "இறக்குமதிச் சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி தப்பில்லாம போடத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன்.

அப்பாவிடம் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் சொன்னேன், அத்தைக்கும் கேட்கட்டும் என்று.

"உனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா நான் என்னம்மா செய்வேன்?"

"ஆகலாம்பா. கல்லாவுல உக்காந்திருந்தாலும் ஆகலாம். எங்க ஆகணும்னு நான் சொல்லுதேன்."

"உங்கம்மா இருந்திருந்தா..."

"அம்மா இருந்திருந்தா அவளும் வேலைக்குப் போயிருப்பா."

அப்பா போனை வைத்துவிட்டார். அத்தை என்னை முறைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போய், பிடுங்கி வைத்திருந்த கத்தியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "அப்ப இந்த வெங்காயத்த நறுக்கு" என்றாள்.

இனி ஓசன்னா. விட்டுக்கொடு என்றாய். விட்டுக்கொடுக்கமாட்டேன். தப்ரேஸுக்கும் பீம்ராவுக்கும் இருக்கும் சட்டம்தான் எனக்கும். சாம்பல் கொட்டிய அந்த இடத்துக்குத் திரும்பப் போனேன். ஆறு மூச்சு, பதினெட்டு அடி. ஓசன்னா விழுந்தாள்.

நேற்று மத்தியானம் சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம். ஜோபினும் அத்தையும் சாட்சி. கேட்கிற வேலையை அத்தையிடம் கொடுத்தேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். கேட்கும்போது குரல் மாறிவிட்டது.

"ஏட்டி ஓசன்னா, கெடக்கியா, எந்திக்கியா?"

கிடந்தால் உயிர் நிச்சயம். புகைபோக்கியடியில் யாராவது கண்டெடுப்பார்கள். நீ கண்டெடுக்க வைப்பாய். ஆனால் கடல் நீரை உலைக்குள் விட அவள் திறக்க வந்த மதகு திறக்காமலே போய்விடும், உலை எரிந்துகொண்டே இருக்கும்.

"எந்திக்கேன்" என்றேன்.

எழுந்தாள் ஜெரி. முதுகெல்லாம் வெந்து, படகுத் துடுப்பை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். துடுப்பை மதகுச் சக்கரத்தில் செருகி நெம்பினாள். சக்கரம் சுற்றியது. கடல் உள்ளே வந்தது. கரிக்கோமானின் உலை அணைந்தது. யாரும் தடுக்க முடியாது என்பது சட்டம், யாரும் தடுக்கவில்லை.

பகடையை எடுத்தேன். உருட்டினேன். அலமாரிக் காலில் மோதி நின்றது.

நான்கு.

ஜோபின், "சரியா உருளல, இன்னொரு தடவ போடு" என்றான். அத்தை அவன் கையைத் தட்டிவிட்டாள். "அவ எந்திக்கேன்னு சொன்னா, சொன்னதுதாம்ல" என்றாள். பிறகு அத்தை அழுதாள், நானும் அழுதேன். அழுகை முடிந்ததும் மீன் பொரித்துச் சாப்பிட்டோம். நெஞ்சில் டிக் டிக் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது.

ஓசன்னா செத்துவிட்டாள். நீ கொல்லவில்லை, பகடையும் தனியாகக் கொல்லவில்லை. எழுகிறேன் என்று சொன்னது நான். இதை ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டு.

ஜெனி


ராயப்புரம்
17 ஆகஸ்ட் 2025

ஜெனி,

இன்றைக்கு மாடியில் படித்தேன். நானே படிக்க முடியும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அத்தை கேட்கிற இடம் வந்ததும் தப்ரேஸிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டேன்.

நான்கு என்று அவன் படித்ததும் பீம்ராவ் எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "உலை அணைஞ்சிட்ச்சா இல்லியா?" என்று கேட்டான். அணைந்துவிட்டது என்றேன். "அப்ப என் அண்ணன் வெளிய வந்துருவான்" என்றான். அது வேறு கதைடா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. வரட்டும்.

தப்ரேஸ் காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தான். "இன்னா பொண்ணுடா அது. நீ இத்தயா மறைக்கப் பார்த்த?" என்றான்.

ஓசன்னாவுக்கு அடக்கம் செய்தோம். மூலக்கொத்தளம் சுடுகாட்டு மேடு மட்டும் தண்ணீருக்கு மேலே தீவாக நிற்கிறது என்று கதையில் வைத்தேன். புகைபோக்கிகளிலிருந்து வெளியே வந்த சனமெல்லாம் படகில் வந்தார்கள். ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்று மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம். மணி போனது தெரியவில்லை. நான் மூன்று என்று சொன்ன அன்றைக்கு ஓசன்னாவுக்கு நான் கொடுக்க நினைத்தது இதில் ஒரு பங்குகூட இல்லை.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. மறைக்கவில்லை. எழுந்திருக்காமல் இருந்திருக்கலாமே என்று இன்னும் தோன்றுகிறது. தோன்றட்டும், அது என் பாடு.

மாடியிலிருந்து நேராகக் கடைக்குப் போனேன். உங்கள் அப்பா பூண்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன்: "அங்கிள், ஜெனிகிட்ட வேணான்னு சொல்லச் சொன்னீங்க. ஒரு தபா சொன்னேன். இனிமே சொல்லமாட்டேன்." அவர் மூட்டை இறக்கியவர்களை அனுப்பிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் போகலாமென்று திரும்பினேன். பின்னாலிருந்து கேட்டார்:

"அந்த யார்டுல மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன வசதி தம்பி? காரம் அவளுக்கு ஒத்துக்காது."

கேன்டீன் இருக்கிறது அங்கிள் என்றேன். "கேன்டீன் வேண்டாம், நான் குடுத்து விடுதேன்" என்றார். மற்றதை நீயே அவரோடு பேசிக்கொள்.

ஜெரி


தூத்துக்குடி
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெரிக்கு,

கவனித்துக்கொள்.

அப்பா போன் செய்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று அடுக்கு டிபன் கேரியர் வாங்கியிருக்கிறாராம், அது போதுமா, நான்கு அடுக்கு வேண்டுமா என்று கேட்டார். மூன்று போதும் என்றேன்.

இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், சனிக்கிழமையே கிடைத்துவிடும். ஞாயிறு காலை முத்துநகர் எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்குகிறேன். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். இடையில் ஒரு மத்தியானம் இருக்கிறது. மாடியைப் பெருக்கி வையுங்கள்.

புதிதாக ஒருத்தியை உருவாக்கிவிட்டேன். பத்து மூச்சு, உன் கணக்குப்படி எதுவும் கூட்டவேண்டாம். படகுக்காரி இல்லை, சண்டை தெரியாது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். சத்தம் கேட்டால் பயம், தண்ணீரைப் பார்த்தால் பயம், இருட்டில் தன் நெஞ்சு அடிப்பது கேட்டாலே பயம். ஓசன்னாவுக்குப் பயம் கிடையாது, அதனால் அவளை எழவைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. எனக்குப் பயம் இருக்கிறது ஜெரி. அந்தச் சாலை, அந்த லாரிகள், அந்தத் தகரம், நீ சொன்ன எல்லாவற்றுக்கும். பயந்துகொண்டே ஒருத்தி எவ்வளவு தூரம் போவாள் என்று பார்க்க வேண்டும்.

ஸ்டேஷனுக்கு வா. பையைத் தூக்க வராதே, பையை நானே தூக்குவேன். சும்மா வா.

ஜெனி